அலிகேட்ஸ் யாருடைய குழு?

பேராக்கின் பாகான் டத்தோ வட்டாரத்தில் கல்யாண விருந்துக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. கீபோர்டுக்காரர் எம்.ஜி.ஆர். பாட்டில் தொடங்கி ரஹ்மான் பாட்டு வரை வாசித்துவிட்டு, நடுவில் ஒரு பழைய மலாய்ப் பாட்டை எடுப்பார். உடனே தமிழர் மேசையும் மலாய்க்காரர் மேசையும் சீனர் மேசையும் சேர்ந்து பாடத் தொடங்கிவிடும். பெரும்பாலும் அது அலிகேட்ஸ் பாட்டாகத்தான் இருக்கும்.

அதைப் பாடியவர்கள் பினாங்குத் தமிழர்கள் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிலர் நம்ப மறுக்கிறார்கள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற அண்ணன் தம்பிகள்தான் அந்தக் குழுவின் முகங்கள். பாட்டுக்கு முன்னால் அவர்களுடைய சுருட்டை முடியே மேடைக்கு வந்துவிடும்!

கதை தொடங்குவது இங்கிலாந்தில். 1961-இல் கிளிஃப் ரிச்சர்ட், ஷேடோஸ் குழுவோடு சிங்கப்பூர் வந்து பாடினார். 1963-இல் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றில் வந்த 'யே யே' என்ற கூவல் இங்கே ஓர் இசை வகைக்கே பெயராகி, 'பாப் யே யே' ஆனது. அதுவரை பாடகர் முன்னால் நிற்பார், வாத்தியக்காரர்கள் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று கித்தார், ஒரு டிரம் இருந்தால் நாலு நண்பர்களே ஒரு குழு என்று பிரிட்டிஷ் இளைஞர்கள் காட்டிவிட்டார்கள். மலாயில் இதற்கு 'குகிரான்' என்று பெயர். 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்' என்பதன் சுருக்கம் அது. துடிப்பான கித்தார் குழு என்று பொருள்.

அந்த அலையில் 1960களின் இறுதியில் பினாங்கில் உருவானதுதான் அலிகேட்ஸ். 1970களில் அவர்கள் ஹாங்காங் போய் இரவு விடுதிகளில் பாடினார்கள். பாடியது ஆங்கிலப் பாட்டு. வயிற்றுப் பிழைப்புக்கு அது போதும். ஆனால் அடுத்தவர் பாட்டை எவ்வளவு நன்றாகப் பாடினாலும் பெயர் அடுத்தவருக்குத்தானே?

இங்கே பீ ஜீஸ் குழுவை நினைத்துப் பார்க்கலாம். அவர்களும் சகோதரர்கள். 1967-இல் இங்கிலாந்தில் புகழ் பெற்றார்கள், பிறகு சரிந்தார்கள். 1970களின் நடுவில் நடன இசைக்கு மாறி, 1977-இல் வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படப் பாடல்களால் உலகையே ஆட வைத்தார்கள். அவர்கள் தாளத்தை மாற்றினார்கள். அலிகேட்ஸ் மொழியை மாற்றியது.

1970களின் இறுதியில் அவர்கள் மலாய் இசைத்தட்டுகளுக்கு வந்தார்கள். சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர் போன்ற இளம் இசையமைப்பாளர்களின் மெட்டுகள் அவர்கள் குரலுக்குக் கச்சிதமாக அமைந்தன. 'செக்குந்தும் மாவார் மேரா செபுவா புய்சி' அப்படி நாசிர் தந்த மெட்டுதான். இரவு விடுதிக் குழு, நாட்டின் குழுவாகிவிட்டது.

'தமிழர்களாக இருந்தும் தமிழில் பெயர் வாங்கவில்லையே' என்று குறைப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. நியாயமான ஆதங்கம்தான். ஆனால் அன்று தோட்டத்து லயங்களில் வானொலியைத் திருப்பினால், நம்மவர் தேடியது சென்னையிலிருந்து வந்த சினிமாப் பாட்டைத்தான். உள்ளூர்த் தமிழ்ப் பாட்டுக்குக் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்? குறையைப் பாடகர்கள் தலையில் மட்டும் கட்டுவது சரியாகாது. அதோடு, ஆறுமுகத்தின் பிள்ளைகள் பாடிய காதல் பாட்டை மலாய்க் குடும்பங்கள் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டதும் சிறிய காரியமில்லை. கூட்டம் போட்டுப் பேசியும் எளிதில் வராத நெருக்கம் அது.

2007 ஜூன் 4-ஆம் தேதி நுரையீரல் புற்றுநோய் லோகநாதனைக் கொண்டுபோனது. பீ ஜீஸில் மோரிஸ் 2003-லும் ராபின் 2012-லும் மறைய, அண்ணன் பேரி மட்டும் மிஞ்சினார். அலிகேட்ஸிலும் மிஞ்சியவர் அண்ணன்தான். தம்பி இல்லாத மேடையில் டத்தோ டேவிட் அதே பாட்டுகளைத் தொடர்ந்து பாடினார்.