தறி வரியைத் தட்டிக் கேட்ட வணிகர்

காசுலு லட்சுமிநரசு செட்டி (1806–1868)

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பீர் ஆலை முதலாளிகள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். மைக்கேல் பாஸ் 1848 முதல் டெர்பி நகரின் உறுப்பினர். அதே காலத்தில் சென்னையில் வணிகத்தை விட்டு அரசியலுக்கு வந்தவர் லட்சுமிநரசு. குடும்பத் தொழில் அவுரியும் துணியும். பாஸுக்கு வாக்காளர் இருந்தார்கள். இவருக்குக் கிடைத்தது மனு எழுதும் உரிமை மட்டுமே.

1844இல் ‘கிரசென்ட்’ இதழையும் 1852இல் சென்னை சுதேசி சங்கத்தையும் தொடங்கினார். சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் மொகதர்பா வரி பற்றியதும் ஒரு முறையீடு. நெசவாளர், தச்சர், சிறு கடைக்காரர் என்று எவரையும் விடாத வரி அது. தறிக்கு வரி போடுவது புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே ‘தறியிறை’ உண்டு. வரிகளை வசூலித்த விதம்தான் கொடுமை. விரல்களைக் கோல்களுக்கிடையே வைத்து நெரிப்பது கிட்டி. கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தபடியே நிறுத்துவது அண்ணாந்தாள். நிலவரி பாக்கி வைத்த குடியானவர்கள் இவற்றை அதிகம் அனுபவித்தார்கள்.

1853இல் இங்கு வந்த நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று இவற்றைத் தெரியவைத்தார் லட்சுமிநரசு. சீமோர் லண்டனில் பேச, விசாரணைக் குழு அமைந்தது. சித்திரவதை நடந்தது உண்மையே என்று 1855இல் குழு ஒப்புக்கொண்டது.

1863இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். செல்வத்தைப் பொதுக்காரியத்தில் கரைத்தவர், 1868இல் வறுமையில் இறந்தார்.