கதவு மூட மறுக்கும் கார்

இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருக்கும் பலர் டிங்கர் வேலையைத் தங்கள் வீட்டுக் கராஜிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். அப்படிக் கை வைக்கப்படும் கார்களில் எம்ஜிபிக்குத் தனி இடம் உண்டு. 1962 முதல் 1980 வரை, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டன் ஆலையில், 5 லட்சத்துக்கும் மேல் தயாரான ஸ்போர்ட்ஸ் கார் அது. அதன் தகடுகள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் ஆலையின் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988-ல் முழு பாடியையே புதிதாக அடித்து விற்கத் தொடங்கியது.

பேனட், கதவு, முன் மட்கார்டு எல்லாம் போல்ட்டில் நிற்பவை. துருவேறிய போல்ட் ஒடியாமல் கழன்று வந்தால், மாற்றுவது பெரிய வித்தையில்லை. வித்தை கதவுக்குக் கீழேதான் இருக்கிறது. முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் தகட்டுப் பெட்டியைச் சில் என்கிறார்கள். பார்வைக்கு அலங்காரப் பட்டை மாதிரி இருக்கும். ஆனால் வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும் ஒரு தகடு, அடியில் ஒரு பட்டை என்று நான்கு சேர்ந்தது அது.

முந்தைய மாடலான எம்ஜிஏவில் தனிச் சேஸி உண்டு. பாடி அதன்மேல் உட்கார்ந்திருந்தது. எம்ஜிபியில் சேஸியே கிடையாது, தகடுகள்தான் பளுவைச் சுமக்கின்றன. நம் அம்பாஸடரும் இதே ரகம்தான், ஆனால் அதற்குக் கூரை இருக்கிறது. கூரையில்லாத எம்ஜிபி, மூடியைக் கிழித்தெடுத்த செருப்பு டப்பா மாதிரி நடுவில் வளையப் பார்க்கும். அதை வளையவிடாமல் பிடித்திருப்பவை முக்கியமாக இரண்டு பக்கத்துச் சில்களும், இருக்கைகளுக்கு நடுவே மேடாக ஓடும் தகடும்தான். சில்லை அப்படியே அறுத்தெடுத்தால் கார் நடுவில் தொய்யும். கதவு நிற்கும் இடைவெளி மேல்பக்கம் குறுகும். அந்த நிலையில் புதுத் தகட்டை வெல்டிங் வைத்துவிட்டால், தொய்வு நிரந்தரமாகிவிடும். கதவு பிறகு எந்தக் காலத்திலும் ஒழுங்காக மூடாது.

துரு சில்லையே தேடி வருவதற்குக் காரணம் உண்டு. முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டுக்குள் புகுந்து சில்லின் முனையில் தங்குகிறது. ஈரமண் மூடிய இடத்தில் ஆக்சிஜன் குறைவு, பக்கத்துத் தகட்டில் அதிகம். இந்த வேறுபாடே அங்கே ஒரு குட்டி பேட்டரியை உண்டாக்கிவிடும். ஆக்சிஜன் குறைந்த பக்கத்து இரும்பு கரையத் தொடங்கும். குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு அந்த மின்னோட்டத்துக்கு இன்னும் வழிவிடும். வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே மடிப்பு பொடியாகிக்கொண்டிருக்கும்.

பொத்தல் விழுந்த சில்லின்மேல் புதுத் தகட்டைப் போர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து விற்றுவிடும் பழக்கம் அங்கும் தாராளமாக உண்டு. கையில் ஒரு காந்தம் இருந்தால் பட்டியைக் கண்டுபிடித்துவிடலாம், கனமான பட்டியில் அது ஒட்டாது. ஆனால் போர்த்திய தகட்டில் ஒட்டிவிடும்! அந்தப் போர்வையைக் கண்டுபிடிக்கக் காருக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். பெரிதாக மாற்றியமைக்கப்படாத, 40 வயது தாண்டிய கார்களுக்கு 2018 முதல் அந்நாட்டில் வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை என்பதால், இந்தப் பொறுப்பு முழுக்க வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

முறையாகச் செய்பவர் கிரைண்டரைத் தொடுமுன் கதவு வாசலின் குறுக்கே, கீல் இருக்கும் தூணிலிருந்து பூட்டு இருக்கும் தூண் வரை, இரும்புச் சட்டம் ஒன்றை இறுக்குவார். மூலைவிட்ட அளவுகளை டேப் வைத்துக் குறித்துக்கொள்வார். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். வெளித்தகட்டின் முன்முனை முன் மட்கார்டுக்குள்ளும், பின்முனை பின் மட்கார்டுக்குள்ளும் நீள்கிறது. முன்னதைக் கழற்றலாம், பின்னது வெல்டிங்கில் நிற்பதால் அதன் கீழ்ப்பகுதியை அறுத்தே ஆக வேண்டும். அந்த அறுப்புக்குப் பயந்துதான் பலர் சில்லைப் பாதியில் வெட்டி ஒட்டவைக்கிறார்கள்.

புதுத் தகடு வந்ததும் வெல்டிங் வைக்கக் கூடாது. முதலில் கிளாம்பில் பிடித்து, கதவையும் மட்கார்டையும் மாட்டி மூடிப் பார்க்க வேண்டும். சந்து மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்றிருந்தால் கழற்றி நகர்த்தி மீண்டும் பார்க்க வேண்டும். மொத்த வேலையில் பொறுமையைச் சோதிப்பது இதுதான், வெல்டிங்கைப் பழகிக்கொள்ளலாம்.

ஆலையில் இரண்டு செம்பு முனைகள் தகடுகளை நெருக்கி, மின்சாரம் பாய்ச்சி ஸ்பாட் வெல்டிங் வைத்தன. வீட்டில் அந்த முனை உள்ளே நுழையாத இடங்களே அதிகம். ஆகவே மேல்தகட்டில் வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொன்றையும் மிக் வெல்டிங்கால் நிரப்புகிறார்கள். தகட்டின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். ஒரே இடத்தில் தொடர்ந்து சூடேறினால் நெளிந்துவிடும். அதனால் இங்கொன்று, எட்டி அங்கொன்று என்று மாறி மாறி வைப்பார்கள். அதற்கு முன்பே பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கி, தரை விரிப்பை உருவி வெளியே போட்டிருக்க வேண்டும்.

கடைசியில் இணைப்புகளுக்கு சீலர், வெளியே பெயிண்ட், பெட்டிக்குள் நீண்ட குழாய் விட்டுப் பீய்ச்சும் மெழுகு. வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பூச்சு எரிந்துபோயிருக்கும் என்பதால் மெழுகைத் தவிர்க்கவே முடியாது. அடியில் உள்ள வடிகால் துளைகளை அது அடைத்துவிடாமல் ஒரு கம்பியை விட்டுக் குத்திவிட வேண்டும்.