கப்பல் கட்டணம் முதல் சட்டமன்றம் வரை: ஸ்காட்லாந்திடம் நாம் அறிய வேண்டியது



அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சட்டமன்றம் வேண்டும் என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் எழுகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. நம் சங்கத்திலும் இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. "நம் பணத்தை நாமே செலவழிக்க வேண்டாமா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். "டெல்லி தருவதைக் கெடுத்துக் கொள்ளாதீர்கள்" என்கிறார்கள் பெரியவர்கள். அரசுத் துறை ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதில் உள்ள வரவு செலவுக் கணக்கை எளிமையாக எடுத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். துணைக்கு ஸ்காட்லாந்தையும் அழைத்துக் கொள்கிறேன். இதே கேள்வியை அந்த நாட்டு மக்கள் பல ஆண்டுகளாக அலசி வருகிறார்கள்.

நாம் கட்டும் வரி எங்கே போகிறது?

2017 ஜூலை 1 வரை நம் தீவுகளில் விற்பனை வரி என்பதே இல்லை. நாடு முழுவதும் வாட் வரி வந்தபோதும் அந்தமானும் இலட்சத்தீவும் அதற்கு வெளியே நின்றன. ஜி.எஸ்.டி. வந்த பிறகுதான் அபர்டீன் பஜார் வியாபாரிகள் மாதாமாதம் வரிக் கணக்கு எழுதத் தொடங்கினார்கள்.

ஓர் உதாரணம். பதினெட்டு சதவீத வரி உள்ள ஆயிரம் ரூபாய்ப் பொருளை வாங்கினால் 180 ரூபாய் வரி. ரசீதைப் பாருங்கள், 90 ரூபாய் மத்திய ஜி.எஸ்.டி., 90 ரூபாய் யூனியன் பிரதேச ஜி.எஸ்.டி. என்று இரண்டாகப் பிரித்திருக்கும். சென்னையில் அதே பொருளை வாங்கினால் இரண்டாவது 90 ரூபாய் தமிழ்நாட்டுக் கருவூலத்துக்குப் போகும். இங்கே இரண்டு தொகையும் இந்தியத் தொகுப்பு நிதி என்ற ஒரே பெட்டியில்தான் விழுகின்றன. சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசத்துக்குத் தனிப் பெட்டி கிடையாது. ஜி.எஸ்.டி. மன்றத்தில் புதுவைக்கு நாற்காலி உண்டு, நமக்கு இல்லை.

பெட்ரோலுக்கு இங்கே வாட் வரி ஒரு சதவீதம் மட்டுமே. 2024 மார்ச் விலைக் குறைப்புக்குப் பிறகு சென்னை விலையோடு ஒப்பிட்டால் லிட்டருக்குப் பதினைந்து ரூபாய்க்கு மேல் நமக்கு மிச்சம். இதையும் மறந்துவிடக் கூடாது.

நமக்கு எவ்வளவு வருகிறது?

2025-26 மத்திய பட்ஜெட்டில் உள்துறை அமைச்சகத்தின் வழியாக நம் தீவுகளுக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 6,200 கோடி ரூபாய். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 3,80,581. இன்று நாலு இலட்சம் என்று வைத்துக் கொண்டாலும் தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபாய். இங்கே வசூலாகும் வருவாய் இதில் ஒரு சிறு பகுதியே.

இந்தப் பணம் எங்கே போகிறது என்பதை நம் அன்றாட வாழ்விலேயே பார்க்கலாம். மாயாபந்தருக்கும் ஹட் பேக்கும் காம்ப்பெல் பேக்கும் போகும் கப்பலில் தீவுவாசிக்கென்று சலுகைக் கட்டணம். பெரும்பாலும் டீசலில் உற்பத்தியாகும் மின்சாரத்துக்கு ஆகும் செலவு, நாம் கட்டும் பில்லைப் போலப் பன்மடங்கு. சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்டில் இணைய இணைப்புக் கொடுத்தார்கள். அதற்கு ஆன செலவு ஆயிரத்து இருநூறு கோடி ரூபாய்க்கு மேல். நான்கு இலட்சம் பேரின் வரியைக் கொண்டு இவற்றைச் செய்திருக்க முடியாது. பெரியவர்களின் கட்சிக்கு இதுவே பலம்.

அப்படியானால் குறை எங்கே?

குறை, செலவை முடிவு செய்கிறவர் நமக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அல்லர் என்பதில் இருக்கிறது. அரசியலமைப்பின் 239, 240 ஆவது பிரிவுகளின்படி குடியரசுத் தலைவரின் பெயரால் மத்திய அரசே நம்மை ஆள்கிறது. துணைநிலை ஆளுநர் நிர்வகிக்கிறார். 1967 முதல்தான் நாம் வாக்களித்து மக்களவைக்கு ஓர் உறுப்பினரை அனுப்புகிறோம். அதற்கு முன் அவர் நியமன உறுப்பினர். மாநிலங்களவையில் நமக்கு இடமே இல்லை. நம் பட்ஜெட் மக்களவையில் எத்தனையோ மானியக் கோரிக்கைகளுள் ஒன்று. அவற்றுள் பல, விவாதம் இல்லாமலே ஒரே மாலையில் மொத்தமாக நிறைவேறுகின்றன.

நான் வேலை பார்த்த துறையில் மார்ச் மாதம் வந்தால் ஒரே ஓட்டம். மார்ச் 31க்குள் செலவாகாத தொகை திரும்பிப் போய்விடும். ஒரு தீவில் ஜெட்டி பழுது பார்க்க வந்த பணம் அப்படித் திரும்பிப் போனபோது, அந்த ஊர் மக்கள் யாரிடம் போய்க் கேட்பது? வார்டு உறுப்பினரைக் கேட்டால் தன் அதிகாரத்தில் இல்லை என்பார். எம்.பி.யைக் கேட்டால் டெல்லிக்கு எழுதுவார். அதற்குள் அடுத்த மார்ச் வந்துவிடும்.

இன்னும் பெரிய விஷயம் கிரேட் நிக்கோபார் திட்டம். துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புது நகரம் என்று 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றபோது அதன் மதிப்பு சுமார் 72,000 கோடி ரூபாய். இது நல்லது என்பாரும் உண்டு. காட்டுக்கும் பழங்குடியினருக்கும் கேடு என்பாரும் உண்டு. இரு தரப்பும் எதிரெதிரே அமர்ந்து பேச, தீவு மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அவை இங்கே இல்லை.

ஸ்காட்லாந்தின் கதை

ஸ்காட்லாந்தில் சுமார் 55 இலட்சம் பேர். 1707 முதல் இங்கிலாந்தோடு ஒரே நாடாளுமன்றம். 1989இல் லண்டன் அரசு தலைவரி ஒன்றை விதித்தது. ஏழையானாலும் பணக்காரரானாலும் ஒரே ஊரில் ஏறத்தாழ ஒரே தொகை. இங்கிலாந்துக்கு வந்தது 1990இல். ஸ்காட்லாந்துக்கோ ஓராண்டு முன்னதாகவே வந்துவிட்டது. பல இலட்சம் பேர் கட்ட மறுத்தார்கள். 1993இல் வீட்டின் மதிப்பை வைத்துக் கணக்கிடும் கவுன்சில் வரி அதன் இடத்துக்கு வந்தது. தங்களைக் கேளாமல் விதிக்கப்பட்ட வரி என்ற அந்தக் கோபம், தனி நாடாளுமன்றக் கோரிக்கைக்கு உரமாயிற்று.

1997 செப்டம்பர் 11இல் வாக்கெடுப்பு நடந்தது. வாக்குச் சீட்டில் இரண்டு கேள்விகள். ஸ்காட்லாந்துக்கு நாடாளுமன்றம் வேண்டுமா? வருமான வரியைக் கூட்டவும் குறைக்கவும் அதற்கு அதிகாரம் வேண்டுமா? முதல் கேள்விக்கு நூற்றுக்கு 74 பேர் 'ஆம்' என்றார்கள். இரண்டாவது கேள்விக்கு 63 பேருக்குச் சற்று மேல். அதிகாரத்தைக் கேட்டவர்கள், அதற்கான பாரத்தையும் தெரிந்தே ஏற்றார்கள். இன்று அங்கே அதிக வருமானம் உள்ளவர் இங்கிலாந்தில் உள்ளவரைவிடக் கூடுதல் வரி கட்டுகிறார். பதிலுக்கு உள்ளூர் மாணவருக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் இல்லை, மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை.

முழு விடுதலை வேண்டுமா என்று 2014இல் கேட்டபோது நூற்றுக்கு 55 பேர் வேண்டாம் என்றார்கள். வட கடல் எண்ணெய்ப் பணம் முழுவதும் தங்களுக்கு வேண்டும் என்றது ஒரு தரப்பு. தலைக்குச் செலவாகும் அரசுப் பணம் ஸ்காட்லாந்தில்தானே சராசரியைவிட அதிகம், அதை இழப்பதா என்றது மறு தரப்பு. நம் சங்கத்துச் சண்டையே போலில்லையா?

நமக்கு நெருக்கமான இன்னொரு செய்தி உண்டு. ஸ்காட்லாந்திலும் தீவுகள் பல, கப்பல்தான் உயிர்நாடி. 2008இல் சில தீவுகளில் தொடங்கி, அதே தூரத்தைச் சாலையில் கடந்தால் என்ன செலவாகுமோ அதையொட்டிக் கப்பல் கட்டணத்தை அமைத்தார்கள். ஆனால் 2015இல் கட்டக் கொடுத்த ஒரு பயணிகள் கப்பல் 2025 ஜனவரியில்தான் ஓடத் தொடங்கியது. செலவும் பன்மடங்கு கூடியது. ஆகவே சொந்த நாடாளுமன்றம் இருந்தால் கப்பல் நேரத்துக்கு வந்துவிடும் என்பதில்லை. ஆனால் அங்கே ஒரு நாடாளுமன்றக் குழு இந்தத் தாமதத்தை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. அமைச்சர்கள் பதில் சொல்ல வேண்டி வந்தது. நம் கப்பல் ரிப்பேருக்குப் போய் மாதக்கணக்கில் வராவிட்டால் யார் அப்படி விசாரிக்கிறார்கள்?

புதுவை சொல்லும் எச்சரிக்கை

சட்டமன்றம் என்றால் சும்மா வராது. புதுவைக்கு 1963 சட்டப்படி சட்டமன்றம் உண்டு. மதுவரி, வாட், பத்திரப்பதிவு வருவாயும் உண்டு. 2007 டிசம்பரில் தனிக் கணக்குத் தொடங்கிய பின் சந்தையில் கடன் வாங்கி வட்டியும் கட்டி வருகிறது. நிதிக் குழு மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் பங்கில் புதுவைக்கு இடமில்லை. ஆளுநருக்கும் முதல்வருக்கும் இடையே மூண்ட தகராறு நீதிமன்றம் வரை போனதைத் தமிழ்ப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

ஆகவே நமக்கும் வாக்குச் சீட்டில் இரண்டு கேள்விகள் வேண்டும் என்பது என் கருத்து. சட்டமன்றம் வேண்டுமா என்பது முதலாவது. அதற்காக எந்த வரியை எவ்வளவு கூடக் கட்டத் தயார், எந்தச் சலுகையை விட்டுத்தரத் தயார் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு மட்டும் கை தூக்குவது எளிது. என்னைக் கேட்டால், பதில் கேட்கும் உரிமைக்காகப் பெட்ரோலுக்குச் சில ரூபாய் கூடக் கொடுக்க நான் தயார். உங்களுள் சிலர் தயாராக இல்லாமல் இருக்கலாம், அதிலும் தவறில்லை.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 1994ஆம் ஆண்டின் பஞ்சாயத்து, நகராட்சி விதிமுறைகளின்படி நமக்குக் கிராம சபையும் வார்டு உறுப்பினரும் உண்டு. கிராம சபைக் கூட்டத்துக்கு நம்மவர் எத்தனை பேர் போகிறோம்? வீட்டு வரி ரசீதைப் பத்திரப்படுத்துகிற நாம், அந்தப் பணத்தில் எந்த வடிகால் கட்டினார்கள் என்று கேட்டதுண்டா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில், நம் ஊர் ஜெட்டிக்கு வந்த பணம் எவ்வளவு, திரும்பிப் போனது எவ்வளவு என்று எழுதிக் கேட்கலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாத குடும்பங்களுக்குச் சங்கத்தின் மூலம் எழுதித்தர நான் காத்திருக்கிறேன்.