ஹெட்போன் பழையதா, மெத்தை பழையதா?

இரவு உணவு முடிந்ததும் அப்பா சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வார். ஒரு மணி நேரம் பழைய பாடல்கள். சீர்காழி, டி.எம்.எஸ்., பி.சுசீலா என்று வரிசை போகும். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது பிள்ளைகள் நாங்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த ஹெட்போன் அது. எங்கள் வீவக வீட்டில் அந்த ஒரு மணி நேரம் அவருக்கே உரியது.

சென்ற ஆண்டு ஒருநாள் கவனித்தேன். ஹெட்போன் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மறுவாரமும் அப்படியே. ஒரு மாதம் ஓடிவிட்டது. கேட்டதற்கு, “காது போயிடுச்சு போலம்மா. தபலாவே கேட்கமாட்டேங்குது. சத்தத்தைக் கூட்டினா தலை வலிக்குது,” என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை.

காதுப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். வயதுக்கு உரிய சிறு குறைதான், பாட்டுக் கேட்பதை நிறுத்தும் அளவுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். வீடு திரும்பியதும் நானே அந்த ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன். காதைச் சுற்றி நிற்கவேண்டிய மெத்தை அப்பளம்போல் தட்டையாகிக் கிடந்தது. உள்ளே இருந்த துணி என் காதில் இடித்தது. அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் காம்பு பட்டுப் பட்டு ஓரிடத்தில் பள்ளம் விழுந்து, அதன் வழியே காற்று போய்வந்தது. அப்பாவின் காது நன்றாகத்தான் இருந்தது. போனது மெத்தை.

மெத்தையை மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். அதிலும் ஒரு முறை தவறி, பிறகுதான் சரியானதைக் கண்டுபிடித்தேன். அந்த அலைச்சலில் கற்றதை இங்கே பகிர்கிறேன்.

முதுகு திறந்த ஹெட்போன்

ஹெட்போன்களில் பெரும்பாலானவை மூடிய வகை. வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்ளே ஒலிப்பது வெளியே போகாது. எம்ஆர்டி ரயிலுக்கும் அலுவலகத்துக்கும் அவை ஏற்றவை. திறந்த வகை அப்படியன்று. காதுக் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் சல்லடை போன்ற வலை இருக்கும். ஒலி எழுப்பும் டிரைவரின் பின்பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கும். இசை தலைக்குள் அடைபட்டதுபோல் இல்லாமல், எதிரே கச்சேரி நடப்பதுபோல் விரிந்து கேட்கும். அதனால்தான் வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்பவர்களும், இசைக்கலவை செய்பவர்களும் இதை விரும்புகிறார்கள்.

ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968-ல் வெளியிட்ட எச்டி 414 இந்த வகையின் முன்னோடி. அதன் மஞ்சள் நிறப் பஞ்சு மெத்தை அந்நாளில் மிகப் பிரபலம். அதே நிறுவனம் 1997-ல் வெளியிட்ட எச்டி 600 இன்றும் விற்பனையில் இருக்கிறது. பேயர்டைனமிக் டிடி 990, ஏகேஜி கே702, ஹைபைமேன் தயாரிப்புகள் ஆகியவையும் திறந்த வகையில் பலருக்கும் பழக்கமானவை. இப்படிப்பட்ட ஹெட்போன் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து, பதினைந்து ஆண்டு உழைக்கும். மெத்தை அவ்வளவு காலம் தாங்காது. மோட்டார் சைக்கிளுக்கு டயர் எப்படியோ, ஹெட்போனுக்கு மெத்தை அப்படி.

மெத்தை செய்யும் வேலை

மெத்தை காது நோகாமல் இருப்பதற்கு மட்டும் என்று நினைத்தால் தவறு. முதலாவதாக, டிரைவருக்கும் காதுக்கும் இடையே உள்ள தூரத்தை அதுதான் தீர்மானிக்கிறது. மெத்தை அமுங்கிச் சில மில்லிமீட்டர் குறைந்தாலே ஒலியின் சமநிலை மாறிவிடும். இரண்டாவதாக, காதைச் சுற்றி அது எவ்வளவு நெருக்கமாகப் படிகிறது என்பதைப் பொறுத்தே தபலா, மிருதங்கம், பேஸ் கிட்டார் போன்றவற்றின் தாழ்வொலி நிற்கும். இடைவெளி விழுந்தால் முதலில் ஓடிப்போவது தாழ்வொலிதான். அப்பாவுக்கு நேர்ந்தது இதுவே. மூன்றாவதாக, மெத்தையின் துணியும் பஞ்சும் ஒலியில் ஒரு பகுதியை உறிஞ்சுகின்றன, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன.

திறந்த வகையில் இது இன்னும் முக்கியம். மெத்தை எவ்வளவு காற்றை விடும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் வடிவமைப்பாளர்கள் ஒலியைச் சீர்செய்கிறார்கள். மெத்தையை மாற்றினால் வாத்தியத்தின் ஒரு பகுதியையே மாற்றியதாக அர்த்தம்.

காதின் நலனும் இதில் இருக்கிறது. மெத்தை தளர்ந்து ஒலி மெலிந்தால் நாம் செய்யும் முதல் வேலை சத்தத்தைக் கூட்டுவது. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் சத்தம் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது, பிள்ளைகளுக்கு அது 75 டெசிபல் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தேய்ந்த மெத்தையோடு மல்லுக்கட்டி ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால், கெடாத காதும் கெட்டுப்போகும்.

நம் ஊர் ஈரப்பதம்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மெத்தைக்கு முதல் எதிரி பருவநிலை. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். செயற்கைத் தோல் என்று விற்கப்படுவது பெரும்பாலும் துணிமேல் பூசப்பட்ட பாலியூரித்தேன். ஈரமும் வெப்பமும் வியர்வையும் சேர்ந்து அந்தப் பூச்சின் பிணைப்பை மெல்ல அறுக்கும். பிறகு அது கறுப்புச் செதில்களாக உதிர்ந்து காதிலும் கழுத்திலும் ஒட்டும். பழைய சோபாவும் காலணியும் உரிவது இதே காரணத்தால்தான். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் உரியும். ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று மூன்று ஜோடி வாங்கி அடுக்கி வைப்பதில் இலாபம் இல்லை.

வெல்வெட் போன்ற வெலூர் துணி உரியாது. ஆனால் வியர்வையையும் தலைக்கு வைக்கும் எண்ணெயையும் குடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் பஞ்சு நாளடைவில் அமுங்கிவிடும். வெளியே பார்க்கப் புதிதுபோல் இருக்கும், உள்ளே உயிர் இருக்காது.

எந்தத் துணி, எந்தத் தோல்?

வெலூர்: காற்றை ஓரளவு விடும். நம் வெயிலுக்கு இதமானது. திறந்த வகை ஹெட்போன்கள் பலவற்றுக்கு நிறுவனமே கொடுப்பது இதுதான். கண்ணாடி அணிபவர்களுக்கும் பொருந்தும்.

செயற்கைத் தோல்: காதை இறுக்கமாக மூடும். பொதுவாகத் தாழ்வொலி கூடும், பாடகரின் குரல் சற்றே பின்னால் போகலாம். குளிரூட்டி இல்லாத அறையில் அரை மணி நேரத்தில் காது வியர்த்துவிடும்.

ஆட்டுத்தோல்: மென்மையானது, செயற்கைத் தோலைவிட நீண்ட நாள் உழைக்கும். விலை அதிகம். ஒலியில் செயற்கைத் தோலின் குணமே பெரும்பாலும் இருக்கும்.

துளையிட்ட தோலும் கலப்பு வகையும்: உட்சுவரில் சிறு துளைகள் இருந்தால் இறுக்கம் குறையும், தாழ்வொலி அளவோடு நிற்கும். கலப்பு வகையில் முகத்தில் படும் பகுதி துணியாகவும் சுற்றுச்சுவர் தோலாகவும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் உடன்பாடு.

உள்ளே நிரப்பியிருக்கும் பஞ்சையும் கேளுங்கள். உடல் சூட்டில் இளகும் மெமரி ஃபோம் தலையின் வடிவத்துக்கு அழகாகப் படியும். அதே வேளையில் கூடுதலாக அமுங்கி, காதை டிரைவருக்கு அருகே கொண்டுபோய்விடக்கூடும்.

நான் செய்த தவறு

இதெல்லாம் தெரியாமல் இணையத்தில் 12 வெள்ளிக்கு ஒரு ஜோடி வாங்கினேன். “எல்லா மாடலுக்கும் பொருந்தும்” என்று போட்டிருந்தது. தடித்த செயற்கைத் தோல், பார்க்கப் பளபளப்பு. ஆசையோடு மாட்டிக் கொடுத்தேன். அப்பா ஒரு பாட்டு முழுவதும் கேட்டார். கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “சீர்காழி பக்கத்து வீட்டிலிருந்து பாடுற மாதிரி இருக்கும்மா. பரவாயில்லை, எனக்கு வயசாயிடுச்சு,” என்றார். மெத்தையின் குறையை மறுபடியும் தன் காதின்மேல் போட்டுக்கொண்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அளவு எடுக்கும் முறை

வாங்குமுன் ஹெட்போனின் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே குடும்பத்து மாடல்கள் சில ஒரே மெத்தையை ஏற்கும். சென்ஹைசர் எச்டி 600-ம் எச்டி 650-ம் அப்படித்தான். பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக எல்லாமே அப்படி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்து, மெத்தை எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எச்டி 600 வகையில் மெத்தையோடு ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும், ‘டிக்’ என்று அழுத்திப் பொருத்த வேண்டும். பேயர்டைனமிக் வகையில் மெத்தையின் பின்புற விளிம்பை இழுத்துக் கிண்ணத்தின் பள்ளத்தில் செருக வேண்டும். சில மாடல்களில் மெத்தையை ஒட்டியே விட்டிருப்பார்கள். அதைக் கழற்றத் தெரியாமல் இழுத்தால் கிண்ணமே உடையலாம்.

பிறகு ஓர் அளவுகோல் எடுத்து நான்கு அளவுகளை மில்லிமீட்டரில் குறியுங்கள். கிண்ணத்தின் வெளி அகலம், உயரம், காது நுழையும் உள்வாயின் அகலம், மெத்தையின் ஆழம். வட்டமா, நீள்வட்டமா என்பதையும் பாருங்கள். வெளி அளவு மட்டும் ஒத்துப்போனால் போதாது. காது மடல் எங்கும் இடிக்காமல் உள்ளே அடங்க வேண்டும். பின்பக்கம் தடித்து முன்பக்கம் மெலிந்த சாய்வு மெத்தை என்றால், இடது எது, வலது எது என்று குழப்பிக்கொள்ளக்கூடாது.

பழைய ஒலியே வேண்டும் என்றால் நிறுவனத்தின் அசல் மெத்தையே பாதுகாப்பான தேர்வு. டெக்கோனி, பிரெயின்வேவ்ஸ் போன்ற மாற்றுத் தயாரிப்பாளர்களும் குறிப்பிட்ட மாடல்களுக்கென்றே மெத்தை செய்கிறார்கள். அவை தரமாக இருக்கலாம், ஆனால் ஒலி சற்று மாறும் என்று தெரிந்தே வாங்குங்கள். சிங்கப்பூரில் அடெல்பி, சிம் லிம் ஸ்குவேர், கோலாலம்பூரில் லோ யாட் பிளாசா பக்கம் போவதாக இருந்தால் ஹெட்போனைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடலாம்.

மாற்றும்போது

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் இரு காதிலும் ஒலி ஒத்துவராது. டிரைவரை மூடியிருக்கும் மெல்லிய பஞ்சுத்தகடும் பல ஆண்டுகளில் பொடியும். அதையும் பாருங்கள். மாடலுக்கு உரிய தகட்டையே போடுங்கள். வேறு தடிப்பு என்றால் ஒலி மாறும். உதிர்ந்த துகள்களை மென்மையான தூரிகையால் கிண்ணத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டி எடுங்கள். வாயால் ஊதுவதோ, தூசு உறிஞ்சியை வைப்பதோ வேண்டாம். டிரைவரின் சவ்வு மிக மெல்லியது.

மாற்றுமுன் நன்கு பழகிய ஒரு பாட்டைக் கேளுங்கள். மாற்றியபின் அதே பாட்டை, அதே அளவில் கேளுங்கள். குரல் நடுவில் நிற்கிறதா, தபலாவின் இடக்கை ஒலி தெளிவா, ஜால்ரா காதைக் குத்துகிறதா? புதுப் பஞ்சு படிய இரண்டு மூன்று நாளாகும். அதுவரை பழைய மெத்தையைத் தூக்கி எறியாதீர்கள். பயன்படுத்தியபின் உலர்ந்த துணியால் துடைத்து, உலர்பெட்டியிலோ ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடோ வைத்தால் மெத்தையின் ஆயுள் கூடும்.

மறுபடியும் அந்த நாற்காலி

அசல் வெலூர் மெத்தை வந்து சேர்ந்த அன்று அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. மாற்றிவிட்டுக் கொக்கியில் தொங்கவிட்டேன். “சும்மா ஒரு தடவை கேட்டுப் பாருங்கப்பா,” என்று மட்டும் சொன்னேன்.

முதல் பாட்டு முடிந்தது. கழற்றவில்லை. இரண்டாவது பாட்டில் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டன. ஒலியின் அளவைப் பார்த்தேன், முன்பு அவர் வைத்திருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா, “பால் வேணுமாங்க?” என்று கேட்டார். திறந்த வகை ஆயிற்றே, அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. ஹெட்போனைக் கழற்றாமலே கையைக் காட்டினார்: ஒரு பாட்டு முடியட்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு ஹெட்போன் பல நாளாகச் சும்மா தொங்கிக்கொண்டிருக்கலாம். புதிது வாங்குமுன், அதன் மெத்தையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.