கறுப்புத் தாடிப் பாசி: தேய்த்தால் போகாது

செடி வைத்த மீன் தொட்டி வளர்ப்பவர்கள் பச்சைப் பாசிக்குப் பெரிதாகப் பயப்படுவதில்லை. கண்ணாடியில் படிந்தால் வழித்துவிடலாம். தண்ணீரே பச்சையானால் யுவி விளக்கு போட்டுத் தெளியவைக்கலாம். தொட்டியையே கலைத்துவிடலாமா என்று நினைக்கவைப்பது கறுப்புத் தாடிப் பாசிதான். ஆர்வலர்கள் சுருக்கமாக 'பிபிஏ' என்பார்கள்.

தாடி பிடித்த அனுபியாஸ் செடியின் இலை ஒன்றை வெட்டி வெளியே எடுத்துப் பாருங்கள். விளிம்பு நெடுக அரை சென்டிமீட்டர் நீளத்தில் கறுப்பு மயிர்க் கொத்துகள் இருக்கும். நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருந்தவை வெளியே வந்ததும் இலையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். நகத்தால் சுரண்டினால் இலையின் தோல்தான் உரியும். கொத்தின் அடி அசையாது. அதே இலையை ஒரு கிண்ணத்தில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றி ஊறப்போட்டால், கறுப்பு மெல்ல மெல்லச் சிவப்பாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

காரணம், இது சிவப்புப் பாசி இனம். பச்சையத்தோடு ஃபைக்கோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமியும் ஃபைக்கோசயனின் என்ற நீல நிறமியும் இதன் செல்களில் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகின்றன. ஸ்பிரிட் பச்சையத்தைக் கரைத்து எடுத்துவிட, சிவப்பு மேலோங்குகிறது.

சிவப்புப் பாசிகளில் பெரும்பாலானவை கடல்வாசிகள். நோன்பு திறக்கும்போது பரிமாறப்படும் கடல்பாசி இனிப்பு இந்தக் கூட்டத்திலிருந்து வருவதுதான். அகர் எடுப்பதற்காக ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் இதே கூட்டம். உலகில் அறியப்பட்ட சிவப்புப் பாசி இனங்கள் சுமார் 7,000. அவற்றில் நன்னீருக்கு வந்தவை சில நூறுதான். நம் தொட்டிக்கு வரும் தாடி அந்தச் சிறுபான்மையைச் சேர்ந்தது.

இந்தக் கூட்டத்துக்கே உரிய ஒரு குணம் நமக்கு முக்கியம். மற்ற பல பாசிகளின் வித்துகள் கசையை அசைத்து நீந்தும். சிவப்புப் பாசியின் வித்துக்குக் கசை கிடையாது. தண்ணீர் கொண்டுபோன இடத்துக்குப் போய், மோதிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஃபில்டர் குழாயின் வாய், டிரிஃப்ட்வுட்டின் நுனி, இலையின் விளிம்பு என்று ஓட்டம் உரசும் இடமாகப் பார்த்துத் தாடி முளைப்பது இதனால்தான். ஒட்டிய வித்து வேர்பிடித்தாற்போல் வளர அவகாசமும் வேண்டும். தண்டுச் செடிகள் வேகமாக வளர்வதால் பழைய இலைகளை அடிக்கடி வெட்டிவிடுகிறோம். மேற்கு ஆப்பிரிக்க ஓடைக்கரைகளிலிருந்து வந்த அனுபியாஸ் நிதானமாக வளரும். அதன் ஒரே இலை மாதக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். பாசிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

ஏன் சில தொட்டிகளில் மட்டும் வருகிறது? 1996இல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் இருவரும் எழுதிய கட்டுரையில், தண்ணீரில் பாஸ்பேட்டைக் குறைத்து வைத்தால் பாசி அடங்கும் என்றார்கள். பலரும் பாஸ்பேட்டை விரட்டத் தொடங்கினார்கள். பிறகு அமெரிக்க ஆர்வலர் டாம் பார், செடி செழித்திருந்த தொட்டிகளில் பாஸ்பேட்டை வேண்டுமென்றே கூட்டிக் காட்டினார். செடி இன்னும் நன்றாக வளர்ந்தது, பாசி வரவில்லை. நான் பார் பக்கம். உரத்தைக் குறைத்துச் செடியைப் பட்டினி போடுவது பாசிக்குத்தான் லாபம். தாடி வந்த தொட்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கார்பன் டை ஆக்சைடைத்தான். அது குறைவாக இருப்பது கெடுதல். ஏறி இறங்குவது அதைவிடக் கெடுதல்.

காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடுகூட இருக்காது. சிலிண்டர் வைத்தவர்கள் அதை 30 மில்லிகிராம் அளவுக்கு உயர்த்துகிறார்கள். செலவைக் குறைக்கச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டிலை இணைப்பவர்களும் உண்டு. அந்தப் பாட்டில் முதல் சில நாட்கள் பொங்கித் தள்ளும். இரண்டு மூன்று வாரத்தில் சோர்ந்துவிடும். அதிக வாயுவுக்குப் பழகிய செடி திடீரென்று திணறி வளர்ச்சியை நிறுத்தும்போது பாசி ஏறிக்கொள்கிறது. ஈஸ்ட் பாட்டிலைச் சீராக வைத்திருக்க முடியாதென்றால் அதைக் கழற்றிவிடுங்கள். விளக்கைக் குறைத்து, வாயு கேட்காத செடிகளோடு நிறுத்திக்கொள்வது மேல். சிலிண்டர் இருந்தால், விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சோலினாய்டு (வாயுவைத் திறந்து மூடும் மின்வால்வு) திறக்கும்படி டைமர் வையுங்கள். விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். மணலில் தங்கும் கழிவையும் மிச்சத் தீனியையும் உறிஞ்சி எடுத்து, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

ஏற்கெனவே முளைத்த தாடிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேலை செய்யும். நம் மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல். சம அளவு தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்கிக்கொள்ள வேண்டும். தொட்டி நீர் 10 லிட்டருக்கு 3 மில்லிலிட்டருக்கு மேல் போகாதீர்கள். ஃபில்டரை நிறுத்தி, நீரோட்டம் அடங்கியதும், ஊசி கழற்றிய சிரிஞ்சால் பாசியின் மேலேயே மெதுவாக விடுங்கள். சின்னச் சின்னக் குமிழ்கள் கொத்தை மொய்க்கும். சுமார் 10 நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடலாம். சில நாட்களில் பாசி இளஞ்சிவப்பாகி, பிறகு வெளுக்கும். மோஸ் செடிமேல் மட்டும் விட வேண்டாம், கருகிவிடும். 'திரவ கார்பன்' என்று விற்கும் மருந்துகளில் இருப்பது ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு. அதுவும் பாசியைக் கொல்லும். ஆனால் வாலிஸ்நேரியா செடி அதைத் தாங்காது, கையுறை இல்லாமல் நாமும் தொடக் கூடாது.

பாசி தின்னும் மீன் கேட்டால் சில கடைகளில் சக்கர் மீனைக் கொடுத்துவிடுவார்கள். அது தாடியைத் தொடாது. ஓர் அடிக்கு மேல் வளர்ந்து செடியைப் பிடுங்கும். ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடவும் கூடாது; தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிப் பெருந்தொல்லையாகிவிட்ட அயல் மீன் அது. தாடியை உண்மையாகவே தின்பது தாய்லாந்து பக்கத்து சயாமீஸ் ஆல்கே ஈட்டர். அதன் உடலில் ஓடும் கறுப்புக் கோடு வால் துடுப்பின் கடைசிவரை போகும். வாலுக்கு முன்பே கோடு நின்றால் அது வேறு மீன். வளர்ந்த பிறகு தீனிக்குப் பழகிப் பாசியை மறந்துவிடும் என்பதால் குட்டியாக வாங்குவது நல்லது. ஜப்பானிய தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ பிரபலமாக்கிய அமானோ இறால், பெராக்சைடு பட்டு வெளுத்த தாடியை நன்றாக மேயும்.

தாடி மூடிய முதிர்ந்த இலைகளைத் தயங்காமல் காம்போடு வெட்டிவிடுங்கள். அதன் பிறகு வரும் புதிய இலைகளைக் கவனியுங்கள். அடுத்தடுத்து மூன்று இலைகள் விளிம்பு சுத்தமாக விரிந்தால் மருந்தை நிறுத்திவிடலாம். அவற்றிலும் கறுப்பு ஏறினால் சிரிஞ்சை எடுக்காதீர்கள்; முதலில் சிலிண்டரையும் டைமரையும் பாருங்கள்.