காரின் உயரத்தை மாற்றினால் ரயருக்கு என்ன நடக்கிறது?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. தடை நீங்கினாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய கார் நம்மில் பெரும்பாலானோருக்கு எட்டாத பொருள்தான். கொழும்பில் ஓடிய கார்களே கைமாறி வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போகின்றன. வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பிய காசிலோ நகையை ஈடுவைத்தோ வாங்கப்படும் அந்தக் கார், பல வீடுகளில் ஹயர் ஓடி உழைக்கவும் வேண்டும்.

அப்படிக் கைமாறும் கார்களில் பல, தொழிற்சாலை வைத்த உயரத்தில் இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் தோற்றத்துக்காகவும் வேகமாக வளைவுகளில் திரும்புவதற்காகவும் சிலர் காரைத் தாழ்த்துகிறார்கள். வேகத்தடையிலும் கிரவல் வீதியிலும் அடி தட்டாமலிருக்க ஸ்பிரிங்குக்கு மேல் றப்பர் அல்லது அலுமினியத் துண்டு வைத்து வேறு சிலர் உயர்த்துகிறார்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நான் போய்ப் பார்த்த கராஜ்களில் இரண்டு வேலையும் நடக்கிறது. உயரம் மாறியதும் அலைன்மென்டும் மாறிவிடுகிறது என்பதை மட்டும் எல்லோரும் காருக்குரியவரிடம் சொல்வதில்லை.

கையை நீட்டிப் பாருங்கள்

ஒரு கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டுங்கள். தோளை அசைக்காமல் கையை மெல்ல உயர்த்தினால் விரல் நுனி மேலே மட்டும் போகாது, உடம்பை நோக்கியும் வரும். தாழ்த்தினாலும் அப்படித்தான். காரின் சில்லைக் கீழே தாங்கும் லோவர் ஆர்ம் இதே மாதிரித்தான் வேலை செய்கிறது. அதன் ஒரு முனை காரின் உடலோடும் மறுமுனை சில்லோடும் பூட்டப்பட்டிருக்கிறது. காரின் உடல் 30 மில்லிமீற்றர் கீழே வந்தால் அந்த ஆர்மின் சரிவு மாறும். அதோடு சில்லின் அடிப்பகுதி உள்ளேயோ வெளியேயோ நகரும். இதனால் மாறுவது கெம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சில்லு சாயும் கோணம். பெரும்பாலான கார்களில் தாழ்த்தினால் சில்லின் மேற்பகுதி உள்ளே சாயும், உயர்த்தினால் வெளியே சாயும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ‘டோ’. இரண்டு கால்களையும் சேர்த்து நின்று கீழே பாருங்கள். பெருவிரல்கள் ஒன்றை ஒன்று நோக்கினால் அது ‘டோ இன்’, விலகிப் பார்த்தால் ‘டோ அவுட்’. சில்லுகளும் மேலிருந்து பார்த்தால் அப்படித்தான். சில்லைத் திருப்பும் ரை ரொட்டுக்கு ஒரு நீளம், லோவர் ஆர்முக்கு வேறொரு நீளம். இரண்டும் ஒரே அளவு உயர்ந்தாலும் அவற்றின் நுனிகள் ஒரே அளவு உள்ளே வருவதில்லை. அந்த வித்தியாசம் சில்லைத் திருப்பிவிடுகிறது. எந்தப் பக்கம் திருப்பும் என்பது காரின் அமைப்பைப் பொறுத்தது.

இழுக்காத கார் நல்ல கார் அல்ல

கார் ஒரு பக்கம் இழுக்கவில்லை, ஸ்டியரிங் நேராக நிற்கிறது, ஆகவே அலைன்மென்ட் சரி என்பது பலரின் கணக்கு. உயரத்தை மாற்றும் விடயத்தில் இந்தக் கணக்கு பிழைக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு தாழ்த்தப்பட்டால் இரண்டு சில்லுகளும் எதிரெதிராக ஒரே அளவு திரும்பும். ஒன்றின் இழுவையை மற்றது சமன் செய்யும். கார் நேராக ஓடும், ரயர் மட்டும் தேயும்.

எவ்வளவு தேயும்? ஒவ்வொரு முன்சில்லும் அரைப் பாகை திரும்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 600 மில்லிமீற்றர் விட்டமுள்ள ரயரில் அது ஏறக்குறைய 5 மில்லிமீற்றர், கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். ஆனால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அந்த ரயர் ஏறத்தாழ 9 மீற்றர் பக்கவாட்டில் அரைபடுகிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர். ஒரு பயணத்தில் மூன்றரைக் கிலோமீற்றர் தூரம் ரயரைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போனதற்குச் சமம். உள்விளிம்பு தேய்ந்த ரயரோடு மழை இரவில் ஏ9 வீதியில் பிரேக் பிடிக்கும்போது அது காசுப் பிரச்சினையாக மட்டும் இருக்காது.

மொரிஸ் மைனரும் போர்ஷேயும்

இது புதுக் கார்களோடு வந்த சங்கதி அல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனரை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தக் காரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. காரின் நீளவாக்கில் கிடக்கும் முறுக்குக் கம்பியே ஸ்பிரிங். காலப்போக்கில் கம்பி தளர்ந்து கார் பதிந்தால், பின்முனையைச் சற்றுத் திருப்பிப் பூட்டி உயர்த்துவார்கள். 1964 முதல் 1989 வரை வந்த போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கமும் முறுக்குக் கம்பியில்தான் நின்றது. அதன் உயரத்தையும் அந்தக் கம்பியில்தான் மாற்றுவார்கள். ஒன்று ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் ஓடியது, மற்றது பந்தயத்துக்கு. விதி இரண்டுக்கும் ஒன்றே: முதலில் உயரம், பிறகு அலைன்மென்ட்.

இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பூட்டப்படும் ‘கொயில் ஓவர்’ ஒவ்வொரு மூலையின் உயரத்தையும் தனித்தனியே மாற்ற இடம் தருகிறது. இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. நாலு கால் மேசையின் ஒரு காலின் கீழ் மட்டையை வைத்தால், அந்தக் காலும் குறுக்கே எதிர் மூலைக் காலும் பாரத்தைத் தாங்க, மற்ற இரண்டும் ஆடும். காரும் அப்படித்தான். அதனால் பந்தயக் கார்களை ஓட்டுநரின் எடையை ஆசனத்தில் வைத்து, நான்கு சில்லுகளையும் தராசில் நிறுத்திச் சரிசெய்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

உயரத்தை மாற்றியாயிற்று என்றால் அலைன்மென்ட் எந்திரத்துக்கு ஓடுவதற்கு முன் காரைச் சிறிது தூரம் ஓட்டி ஸ்பிரிங்கைப் படியவிடுங்கள். ரயர்க் காற்று, பொல் ஜொயின்ற், புஷ், ரை ரொட் முனை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டமுள்ள பாகத்தின் மேல் எடுக்கும் அளவு நிற்காது. பின்சில்லுகளைச் சரிசெய்ய முடிந்த கார் என்றால் முதலில் பின்பக்கம். பிறகு முன்பக்கத்தில் கெம்பர், கடைசியில் டோ. சாதாரணக் கார்கள் பலவற்றில் கெம்பரை மாற்ற வழி இருக்காது, அதற்கென்று தனி போல்ட் பூட்ட வேண்டிவரும். ஹெட்லைட்டையும் மறக்க வேண்டாம். முன்பக்கம் மட்டும் உயர்ந்தால் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய காரை வாங்கவே வேண்டாம். சில்லு பள்ளத்தில் தொங்கும்போது நீளம் குறைந்த ஸ்பிரிங் இருப்பிடத்தை விட்டு விலகலாம்.

பஞ்சிகாவத்தையில் பாகம் தேடி அலைவதற்கு முன், காரை வாங்கும் இடத்திலேயே ஒரு பரிசோதனை செய்யலாம். ரயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே தடவுங்கள், பிறகு வெளியிலிருந்து உள்ளே. ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் வாள்பல் போலவும் தட்டினால் டோ பிழை. ஸ்டியரிங்கைத் திருப்பி உள்விளிம்பையும் பாருங்கள். புது ரயர் போட்டிருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். சில்லுக்கு மேல் வளைவுக்குள் கையைவிட்டுத் துண்டு வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அலைன்மென்ட் எடுத்த அச்சுத் தாளைக் கேளுங்கள். அதன் திகதி உயரம் மாற்றிய நாளுக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். தாள் இல்லையென்றால் இரண்டு ரயரின் விலையையும் அலைன்மென்ட் கூலியையும் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.