செம்புக் காசும் ஒரு பிரபுவின் நாணயமும்

நாக்பூரில் முப்பத்தைந்து வருஷமாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். செம்பை எடை போட்டே பழகிய கை. ஆகையால் சரித்திரப் புத்தகத்தில் செம்பு என்று கண்டால் கண் அங்கே நின்றுவிடும். அப்படி நின்ற இடம், ஹங்கேரி நாட்டு இரண்டாம் ஃபெரென்ட்ஸ் ராகோட்சியின் வரலாறு.

1676-இல் பிறந்த ராகோட்சி, அந்நாட்டின் மிகப் பெரிய நிலப்பிரபு. நாட்டை ஆண்டவர்களோ வியன்னாவின் ஹாப்ஸ்பர்க் பேரரசர்கள். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியிடம் உதவி கேட்டு எழுதிய கடிதம் பிடிபட்டு, 1701-இல் சிறைப்பட்டார். சிறைக்காவல் அதிகாரி ஒருவர் தப்பவிட்டார். அந்த உதவிக்கு அவர் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார். போலந்தில் ஒளிந்திருந்த ராகோட்சியை, வரிச்சுமையால் நொந்த குடியானவர்கள் தேடி வந்து தலைமை ஏற்க அழைத்தார்கள். 1703-இல் போர் மூண்டது.

போருக்குப் பணம் வேண்டுமே! வெள்ளி போதாமல் 1704 முதல் செம்புக் காசு அடித்தார்கள். 'சுதந்திரத்துக்காக' என்று லத்தீனில் பொறித்தார்கள். ஆனால் காசில் போட்ட மதிப்பு வேறு, செம்பின் விலை வேறு. ஆயுதம் விற்ற அயல்நாட்டு வியாபாரி வெள்ளிதான் கேட்டான். அடிக்க அடிக்க மதிப்பு இறங்கி, சந்தையில் வாங்க ஆளில்லை. 1707-இல் ஓனோட் சபை பிரபுக்களும் வரி கட்ட வேண்டும் என்று தீர்மானித்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1708-இல் டிரென்சேனில் படுதோல்வி. கூடவே கொள்ளைநோய், பிரெஞ்சு உதவிக் குறைவு.

1711-இல் அவர் போலந்தில் இருந்தபோது, தளபதி காரோய் சத்மாரில் சமாதானம் செய்துகொண்டார். பேரரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால் மன்னிப்பு உண்டு, சொத்தும் தங்கும். ராகோட்சி மறுத்தார். அத்தனை நிலமும் பறிபோயிற்று. போலந்து, பிரான்ஸ், கடைசியில் துருக்கியின் ரோடோஸ்டோ. அங்கே தச்சு வேலை செய்துகொண்டு, 1735-இல் கண் மூடினார்.

நாம் பிழைக்க வந்தவர்கள். நினைத்தால் ஊருக்கு ரயில் ஏறலாம். அவருடைய எலும்புகள் 1906-இல்தான் திரும்பின. இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ள கோஷிட்சே தேவாலயத்தில் அவை இருக்கின்றன.

நம் தமிழில் காசுக்கும் நாணயம், நேர்மைக்கும் நாணயம். ராகோட்சியின் முதல் நாணயம் சந்தையில் செல்லவில்லை, இரண்டாவது செல்லுபடியாயிற்று. பிற்காலத்தில் ஹங்கேரி தன் 500 ஃபோரிண்ட் நோட்டில் அச்சிட்டது அவர் முகத்தைத்தான்.